பிள்ளைப் பேறும் மனச்சாட்சியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மழை விடட்டும் என்று கோயில் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நான்காம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு அருகில் வந்தாள். வயது இருபத்திரண்டுதான் இருக்கும். அது அவளுக்கு இரண்டாவது குழந்தை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

"டீச்சர், கிளினிக்கிலே மிஸ்ஸி ஊசி போடச் சொல்றாங்க. மூணு மாசத்துக்கு ஒரு ஊசியாம். அத்தை பாவம்னு சொல்றாங்க. ஊசி போட்டுக்கிட்டா நான் நன்மை வாங்கலாமா, கூடாதா?"

நம் வாசகர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஆகவே ஒரு வார்த்தை விளக்கம். பூசையிலே குருவானவர் கையிலிருந்து நற்கருணை பெறுவதைத்தான் நாங்கள் 'நன்மை வாங்குதல்' என்போம். பெரும் பாவம் செய்தவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது என்பது விதி. அந்தப் பெண் கேட்டது மருத்துவக் கேள்வி அன்று. கடவுளின் பந்தியிலே எனக்கு இலை உண்டா, இல்லையா என்பதே அவள் கேள்வி.

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் தாயாரின் முகம் எதிரே வந்து நின்றுவிட்டது.

என் தாயார் பால்மரத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் எங்களுக்குச் சோறு. ஏழு பிள்ளைகளைப் பெற்றார். இரண்டு தங்கவில்லை. நான் ஐந்தாவது. ஏழாவது பிரசவத்திலே இரத்தப் போக்கு நிற்காமல், தோட்டத்து லாரியிலே ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டு போனார்கள். பிழைத்து வந்த பிறகு தோட்டத்து டிரெஸர் சொன்னாராம்: "ஆத்தா, அடுத்தது வந்தா பிள்ளை இருக்கும், நீ இருக்க மாட்டே." மாத்திரையும் கொடுத்தார். அது 1982ஆம் ஆண்டு.

அம்மா மாத்திரையை வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். தினம் ஒன்றாக விழுங்கினார். ஆனால் அன்று முதல் கோயிலிலே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்குப் புது நன்மை கொடுத்த அன்று, வெள்ளைச் சட்டையும் முக்காடுமாக நான் திரும்பிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாம் வரிசையில் வந்தார்கள். என் அம்மா மட்டும் வரவில்லை. "ஏம்மா வரல?" என்று கேட்டேன். "நீ போ, நான் அப்புறம் வர்றேன்" என்றார். அந்த 'அப்புறம்' வருவதற்குப் பதினோரு வருடம் பிடித்தது. காரணம் இன்னதென்று எனக்கே திருமணமான பிறகுதான் சொன்னார்.

ஆகவே இந்த வாரம் இதைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸிலே இதே கேள்வி ஒரு நாட்டையே இரண்டாக்கியது. அந்தக் கதையைத் தெரிந்து கொண்டால் நம் மனம் சற்றுத் தெளியும்.

நமது நாட்டிலே 1966ஆம் ஆண்டிலேயே சட்டத்தின் வழியாகத் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்துவிட்டது. பிலிப்பைன்ஸின் நிலைமை வேறு. அங்கே பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் கத்தோலிக்கர். நமது ஊர்க் கோயில்களிலும் அந்நாட்டுச் சகோதரிகளைக் காணலாம். வீட்டு வேலைக்கு வந்தவர்கள். எங்கள் கோயிலுக்கு வரும் ஒருவர், தன் தாய்க்குப் பதினொரு பிள்ளைகள் என்றும், தான் ஊரை விட்டு வந்து சம்பாதிப்பதே தம்பி தங்கைகளின் படிப்புக்காக என்றும் சொன்னார். தன் பிள்ளை இரண்டையும் அம்மாவிடம் விட்டுவிட்டு, பிறர் பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறார்.

பிலிப்பைன்ஸ் அரசாங்கம் 1969ஆம் ஆண்டிலேயே மக்கள் தொகை ஆணைக்குழு ஒன்றை ஏற்படுத்தியது உண்மை. ஆனால் மாத்திரையும் மற்றச் சாதனங்களும் பெரும்பாலும் அமெரிக்க உதவியாக வந்தவை. அந்த உதவி படிப்படியாகக் குறைந்து 2008ஆம் ஆண்டு வாக்கில் நின்றது. மணிலா நகரிலே 2000ஆம் ஆண்டு மேயராக இருந்த லீட்டோ அதியென்சா, இயற்கை முறையைத்தான் நகரம் ஆதரிக்கும் என்று ஆணை பிறப்பித்தார். அதன் விளைவாக நகராட்சிச் சுகாதார நிலையங்களிலே மாத்திரை கிடைக்காமற் போயிற்று. பணமுள்ளவர் மருந்துக் கடையிலே வாங்கிக் கொண்டார். பணமில்லாதவர் வெறுங்கையோடு திரும்பினார்.

இதன் பலன் கணக்கிலே தெரிந்தது. 2008ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, மிக வசதியான குடும்பங்களிலே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.9 பிள்ளை. மிக ஏழைக் குடும்பங்களிலே 5.2 பிள்ளை. அந்த ஏழைப் பெண்கள் விரும்பியதோ 3.3 தான். அதாவது ஏறக்குறைய இரண்டு பிள்ளை, கேட்காமல் வந்தவை. பிறந்துவிட்ட பிள்ளையை வேண்டாத பிள்ளை என்று சொல்ல நமக்கு வாய் வராது. நானே ஐந்தாவது பிள்ளை. என்றாலும், பெறுகிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமிருந்ததா என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்நிலையை மாற்றத்தான் இனப்பெருக்க ஆரோக்கிய மசோதா வந்தது. ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் அது நாடாளுமன்றத்திலே இழுபட்டது. ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2012 ஆகஸ்ட்டு 4ஆம் தேதி மணிலாவிலே எட்சா ஆலயத்தின் முன் கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மறுபுறம், கத்தோலிக்கர்களே மசோதாவை ஆதரித்தும் பேசினார்கள். இயேசு சபையார் நடத்தும் அத்தெனெயோ பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் 14 பேர், ஒரு கத்தோலிக்கன் நல்ல மனச்சாட்சியுடன் இதனை ஆதரிக்கலாம் என்று 2008ஆம் ஆண்டிலேயே கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். ஆசிரியர்கள் என்பதால் சொல்கிறேன்: சம்பளம் கொடுக்கும் இடத்திலேயே மாற்றுக் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது எளிதன்று.

2012 டிசம்பர் 17ஆம் தேதி கீழவையிலே 133க்கு 79 என்றும், மேலவையிலே 13க்கு 8 என்றும் வாக்குகள் விழுந்து மசோதா நிறைவேறியது. அதிபர் பெனிக்னோ அக்கீனோ டிசம்பர் 21ஆம் தேதி கையொப்பமிட்டார். அவரும் கத்தோலிக்கரே.

இனி, திருச்சபை என்ன சொல்கிறது என்பதை நேர்மையாகப் பார்ப்போம். 'சாமியார்கள் வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறச் சொல்கிறார்கள்' என்று நம் லயங்களிலே பேசிக் கொள்வது சரியன்று. பாப்பரசர் ஆறாம் பவுல், 1968 ஜூலை 25ஆம் தேதியிட்ட தமது சுற்றுமடலிலே, பெற்றோர் பொறுப்புடன் நடக்க வேண்டும் என்றே போதித்தார். தக்க காரணம் இருந்தால், இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்று தம்பதிகள் தீர்மானிக்கலாம். அதற்கு, கரு உண்டாகாத நாட்களைக் கவனித்து நடக்கும் இயற்கை முறையைக் கைக்கொள்ளலாம். மாத்திரை, ஊசி, உறை முதலிய செயற்கை முறைகள் ஆகா. கருச்சிதைவு எந்நிலையிலும் ஆகாது. இதுதான் போதனை. இதனை ஆராயப் பாப்பரசரே ஏற்படுத்திய குழுவிலே பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டும் என்றுதான் கருதினார்கள். அவர் அதனை ஏற்கவில்லை. சுற்றுமடல் வெளிவந்த இரண்டு மாதத்திற்குள் கனடா நாட்டு ஆயர்கள் வினிப்பெக் நகரிலே கூடி, நேர்மையாக முயன்றும் இப்போதனையின்படி நடக்க இயலாமல், மனச்சாட்சிப்படி நல்லதெனத் தோன்றும் வழியை எடுப்பவர்கள் கடவுளை விட்டுப் பிரிந்து போனவர்கள் ஆகமாட்டார்கள் என்ற கருத்திலே ஆறுதல் சொன்னார்கள்.

2025ஆம் ஆண்டு மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2015 ஜனவரியிலே பிலிப்பைன்ஸ் சென்று திரும்பும்போது விமானத்திலே நிருபர்களிடம் பேசினார். நல்ல கத்தோலிக்கராக இருப்பதற்கு முயல்களைப் போல் பெற்றுத் தள்ள வேண்டுமென்பதில்லை என்றார். ஏழு முறை வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த பின்னும் எட்டாவது கர்ப்பமாயிருந்த ஒரு தாயைத் தாம் கண்டித்ததாகவும் சொன்னார். போதனையை அவர் மாற்றவில்லை. ஆனால் தாயின் உயிரைப் பொருட்படுத்தாத பக்தி பக்தியன்று என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லிவிட்டார்.

திருச்சபையின் பயத்திலும் நியாயம் உண்டு. அதனையும் மறைக்கலாகாது. ஆறாம் பவுல் தமது மடலிலே, இந்த முறைகள் அரசாங்கத்தின் கைக்குப் போனால் மக்கள் மேல் பலவந்தமாகத் திணிக்கப்படலாம் என்று எச்சரித்திருந்தார். எட்டு ஆண்டு கழித்து இந்தியாவிலே அது நடந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அதிகாரிகளுக்கு எண்ணிக்கை குறித்துக் கொடுத்து, ஏழைகளைப் பிடித்துச் செய்ததும் உண்டு. சீனாவிலே ஒரு பிள்ளைதான் என்ற கட்டளை 1980 முதல் 2015 வரை இருந்தது. ஏழையைப் பார்த்து 'நீ பெறாதே' என்று கட்டளையிடுவது, 'நீ பெற்றுக் கொண்டே இரு' என்று விட்டுவிடுவதை விட எவ்வகையிலும் மேலானதன்று.

ஆகவே எந்தச் சட்டத்தையும் நாம் பார்க்க வேண்டிய பார்வை ஒன்றுண்டு. அது கதவைத் திறக்கிறதா, அல்லது பிடித்து உள்ளே தள்ளுகிறதா?

பிலிப்பைன்ஸ் சட்டத்தை அப்படிப் பார்ப்போம். குடியரசுச் சட்டம் 10354 என்பது அதன் எண். இயற்கை முறை, செயற்கை முறை இரண்டையுமே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று அது கூறுகிறது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் போதுமான அளவில் இருக்க வேண்டும் என்றும், பிரசவ ஆபத்துக்கு உடனடிச் சிகிச்சை வேண்டும் என்றும் கூறுகிறது. கருச்சிதைவு முன்போலவே குற்றந்தான். 1987ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் தாயின் உயிரையும் கருவிலுள்ள உயிரையும் சமமாகக் காக்கச் சொல்கிறது. அதற்கு இச்சட்டம் மாறு செய்யவில்லை. ஆனால் கருச்சிதைவினால் இரத்தம் கொட்ட வரும் பெண்ணை ஏசாமல், மனிதத் தன்மையுடன் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தது.

வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2013 மார்ச் மாதம் சட்டத்தை நிறுத்தி வைத்தது. ஓராண்டுக்குப் பின், 2014 ஏப்ரல் 8ஆம் தேதி பாகியோ நகரிலே தீர்ப்புச் சொன்னது. சட்டம் செல்லும், ஆனால் சில பகுதிகள் செல்லா. சமய நம்பிக்கையின் காரணமாக இச்சேவையைச் செய்ய மறுக்கும் மருத்துவரையோ தாதியையோ தண்டிக்கக் கூடாது. சமய அமைப்புகளின் மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இது சரியான தீர்ப்பென்றே நான் நினைக்கிறேன். மாத்திரை கேட்பவளுக்கு மனச்சாட்சி உண்டென்றால், கொடுக்க மறுப்பவருக்கும் மனச்சாட்சி உண்டல்லவா? ஆனால் கணவன் மனைவிக்குள் கருத்து வேற்றுமை வந்தால், உயிருக்கு ஆபத்தில்லாத சிகிச்சைக்கு ஒருவர் மட்டும் முடிவு செய்யலாம் என்றிருந்த பகுதியையும் நீதிமன்றம் நீக்கிவிட்டது. அது என் மனத்தை உறுத்துகிறது. வீட்டிலே இரண்டு பேர் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், உண்மை. ஆனால் பேசவே முடியாத வீடு எத்தனை என்பது லயத்திலே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் ஓடி வந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டு கையிலே பொருத்தும் கருத்தடைச் சாதனத்துக்கு நீதிமன்றம் தடை போட்டது. அது 2017 நவம்பரில்தான் முடிவுக்கு வந்தது. 2016ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே இதற்கென்றிருந்த 100 கோடி பேசோவை வெட்டிவிட்டார்கள். காகிதத்திலே சர்க்கரை என்று எழுதினால் நாக்கு இனிக்குமா?

என்றாலும் மாற்றம் தெரிகிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1993இல் 4.1, 2013இல் 3.0, 2022இல் 1.9. இது சட்டத்தால் மட்டும் வந்ததன்று. பெண்கள் படித்தார்கள், பட்டணத்துக்கு வந்தார்கள், வேலைக்குப் போனார்கள். சட்டத்துக்கு முன்பே குறைய ஆரம்பித்ததுதான். கோயில்களும் காலியாகிவிடவில்லை. எங்கள் கோயிலிலே ஞாயிறுதோறும் முதலில் வந்து முழந்தாளிடுவோர் அந்நாட்டுப் பெண்கள்தாம்.

சரி, டீச்சர் என்ன சொல்கிறாள் என்று கேட்பீர்கள்.

இயற்கை முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாக்டர் ஜான் பில்லிங்ஸும் அவர் மனைவியும் வகுத்த முறையைத் திருமணத்துக்கு முன் கோயில் வகுப்பிலே நானும் என் கணவரும் கற்றோம். உடம்பிலே ஏற்படும் ஈரப்பசையின் மாற்றத்தைப் பெண் தினமும் கவனித்துக் குறித்து வைக்க வேண்டும். செலவில்லை, பக்க விளைவில்லை. எங்களுக்கு மூன்று பிள்ளைகள், போதிய இடைவெளியோடு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அது நடந்தது என் கணவர் ஒத்துழைத்ததால். ஒத்துழைக்காத கணவனுக்கு அந்த முறையிலே இடமில்லை. சம்சு குடித்துவிட்டு நடுநிசியிலே கதவைத் தட்டுகிறவனிடம், இன்று எந்த நாள் என்று அட்டவணையைக் காட்ட முடியுமா? அந்தப் பெண்ணுக்கு மிஸ்ஸி கொடுக்கும் ஊசியைத் தவிர வேறு வேலி எது? அவளிடம் போய்ப் பாவம் என்று சொல்பவர்கள், முதலில் அவள் புருஷனிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லட்டும்.

நான் என் திருச்சபையை விட்டுப் போகிறவள் அல்லள். அதன் போதனை உயர்ந்த இலட்சியம் என்றே நம்புகிறேன். உயிரைப் பண்டமாக எண்ணாதே, பெண்ணைக் கருவியாக எண்ணாதே என்பதுதான் அதன் உள்ளிருக்கும் பொருள். அந்த இலட்சியத்தைப் போதிப்பது கோயிலின் வேலை. ஆனால் கத்தோலிக்கரும் அல்லாதவரும் சேர்ந்து வாழும் நாட்டிலே, ஏழைப் பெண் மருந்து வாங்கும் ஜன்னலை மூடி வைத்து அந்த இலட்சியத்தை நிலைநாட்ட முடியாது. பயத்தினால் வருவது பக்தியன்று. இது என் எண்ணம். மாறுபடுகிறவர்கள் எழுதுங்கள், கோபித்துக் கொள்ள மாட்டேன்.

என் தாயாரின் கதையை முடிக்கிறேன். 1993ஆம் ஆண்டு தபசு காலத்திலே வயதான குருவானவர் ஒருவர் எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு வந்திருந்தார். அம்மா என்ன நினைத்தாரோ, போய் முழந்தாளிட்டார். வெகுநேரம் கழித்து வந்தார். பின்னாளில் ஒரு முறை சொன்னார்: "அவரு என்னைத் திட்டல. எத்தனை பிள்ளைன்னு கேட்டாரு. எத்தனை மணிக்கு எழுந்து வேலைக்குப் போறேன்னு கேட்டாரு. செத்துப் போன ரெண்டு பிள்ளைங்க பேரையும் கேட்டாரு. பதினோரு வருஷம் பசியா இருந்திருக்கியே அம்மான்னு சொன்னாரு." அன்று அம்மா வரிசையில் வந்தார். எனக்கு முன்னால் நின்றார். கையிலே பால் கறை போகவில்லை.

தாழ்வாரத்திலே நின்ற அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். "அத்தை சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, மிஸ்ஸி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா. நீயும் உன் வீட்டுக்காரரும் சேர்ந்து கிளினிக்குக்குப் போங்க. எல்லா முறையையும் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. பிறகு ரெண்டு பேருமா குருவானவரைப் பாருங்க. மறைக்காம சொல்லுங்க. ஆனா ஒண்ணு மட்டும் செய்யாதே. யாரிடமும் கேட்காம, உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கிட்டு, கடைசி பெஞ்சுலே போய் உட்கார்ந்துடாதே."

மழை விட்டிருந்தது. அவள் கணவன் மோட்டார் சைக்கிளோடு வாசலில் நின்றிருந்தான். அவனும் என்னிடம் படித்தவன்தான். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் விழித்தவன். "தம்பி, வரும் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நீயும் கூடப் போகணும்" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றான். போனார்களா என்று விசாரித்தேன். போயிருக்கிறார்கள். என்ன முடிவு செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் இருவரின் காரியம்.

அடுத்த வாரம் வேறொரு செய்தியுடன் சந்திப்போம்.